கேம்பர்வேனில் மேற்கு ஆஸ்திரேலியா: பிணக்குத் தீராத வரலாற்றிடங்களுக்குச் செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடும்பம் இதுவரை மூன்று முறை பெர்த் நகரில் கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்து, மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையைச் சுற்றி வந்திருக்கிறது. முதல் பயணத்தில் கடற்கரையும் திராட்சைத் தோட்டமும் கங்காருவும் பார்த்தோம். அடுத்த இரண்டு பயணங்களில், அந்நாட்டு மக்களே இன்னும் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கும் வரலாற்றிடங்களைத் தேடிப் போனோம். திரும்பி வந்த பிறகு உறவினர்களும் அண்டை வீட்டாரும் கேட்ட கேள்விகளில் பாதி வண்டியைப் பற்றியவை, மீதி அந்த இடங்களைப் பற்றியவை. வண்டியிலேயே உண்டு உறங்கிப் பயணம் செய்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பேச இயலாது என்பதால், பதில்களையும் கலந்தே எழுதியிருக்கிறேன்.

சுற்றுலாப் பேருந்து இருக்கும்போது கேம்பர்வேன் எதற்கு?

நான் இங்கே சொல்லப்போகும் இடங்களில் பெரும்பாலானவற்றில் சுற்றுலாப் பேருந்து நிற்பதில்லை. நின்றாலும் கழிப்பறைக்காகவே நிற்கும். கல்வெட்டு ஒன்றை முதல்முறை படிக்கும்போது அது சொல்வது மட்டுமே கண்ணில் படும். ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு மறுபடி போய்ப் படித்தால்தான் அது சொல்லாமல் விட்டது தெரியவரும். சொந்த அடுப்பும் சொந்த நேரமும் உள்ள வண்டி அதற்கு வசதி தருகிறது. ஆனால் அதே வண்டியில் ஒரு கேடும் உண்டு. பத்து நாள் ஓட்டியபின், கண்ணுக்கு அழகாகத் தெரியும் எந்த வெற்றிடமும் இரவு தங்கக் கிடைத்த இடமாகவே தோன்றத் தொடங்கிவிடும். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பிணக்குத் தீராத இடம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே நிகழ்ச்சியை ஒரு தரப்பு போர் என்றும் மறு தரப்பு படுகொலை என்றும் அழைக்கும் இடத்தை. அல்லது, ஒரு தரப்புக்கு விடுமுறைத் தலமாகவும் மற்றொரு தரப்புக்கு இடுகாடாகவும் இருக்கும் இடத்தை. இது நமக்கு அந்நியமான செய்தி அன்று. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலையில், 2017 பிப்ரவரியில் மறுபடி திறக்கப்பட்ட கண்காட்சிக்கூடத்தின் பெயரில், ஜப்பானியர் சிங்கப்பூருக்கு இட்ட பெயரான 'சியோனான்' என்ற சொல் இடம்பெற்றபோது எழுந்த மனவருத்தத்தையும், சில நாள்களிலேயே அந்தப் பெயர் மாற்றப்பட்டதையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கண்காட்சியின் உள்ளடக்கத்தில் எவருக்கும் குறை இருக்கவில்லை. வாசலில் இருந்த ஒரு சொல், ஆக்கிரமிப்புக் காலத்தில் உயிரிழந்தவர்களின் வீட்டாரைச் சுட்டுவிட்டது.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் விடுமுறை அங்கே மழைக்காலம். டிசம்பரில் வெயில் கொளுத்தும். காட்டுத்தீ அபாயத்தால் வெளியில் அடுப்பு மூட்டத் தடை அடிக்கடி வரும். செப்டம்பரின் ஒரு வார விடுமுறையே எங்களுக்குப் பிடித்தது. காட்டுப்பூக்கள் சாலையோரம் முழுதும் பூத்திருக்கும். பெர்த்தின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்று என்பதும், விமானப் பயணம் ஏறத்தாழ 5 மணி நேரமே என்பதும் ஒரு வார விடுமுறைக்குப் பெரிய அனுகூலங்கள்.

இங்கே ஒரு சிறு விலகல். அந்தத் தென்மேற்கு நிலத்தின் பூர்வகுடியினரான நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுக்கிறார்கள்: பிராக், புனுரு, ஜெரான், மக்குரு, ஜில்பா, கம்பராங். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது வகுத்த மொழியைப் பேசும் நாம், பள்ளி விடுமுறை அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டு போய் இறங்குவது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. நாங்கள் செப்டம்பரில் போனது ஜில்பா முடிந்து கம்பராங் தொடங்கவிருந்த நேரம்.

ஓட்டுநர் உரிமம், விசா?

நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். சிங்கப்பூர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுப்பயணிகளுக்கு அது பொதுவாகப் போதுமானது. வாடகை ஒப்பந்தத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தானியங்கிப் பற்சக்கர வண்டிக்கு மட்டுமான 3ஏ உரிமம் வைத்திருப்பவர்கள் அத்தகைய வண்டிதானா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட சிறுவர் இருக்கை கட்டாயம். ஓட்டுநரின் ரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் அளவு வரம்பு அங்கே 0.05 விழுக்காடு, நம்முடையதைவிடக் கடுமையானது.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் கைப்பேசிச் செயலி வழியாக மின்னியல் பயண அனுமதி பெறலாம். குடும்பத்தில் எவரேனும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசியாக இருந்தால், அவருக்குத் தனியாக வருகையாளர் விசா தேவை. என் அத்தை மகன் ஒருவர் இதைப் புறப்படுவதற்கு எட்டு நாள் முன்புதான் உணர்ந்தார்.

வண்டிக்குள் வாழ்வது எப்படி இருக்கும்?

வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பழகியவர்களுக்கு இடநெருக்கடி பெரிய அதிர்ச்சியாக இருக்காது. மின்சாரம்தான் அதிர்ச்சி தரும். சோற்றுப் பானை, நுண்ணலை அடுப்பு, குளிர்சாதனம் ஆகியவை பெரும்பாலான வாடகை வண்டிகளில் கேரவன் பூங்காவின் மின்கம்பத்தில் கம்பி செருகினால்தான் வேலை செய்யும். மற்ற இரவுகளில் எரிவாயு அடுப்பு மட்டுமே. இரண்டாம் பயணத்தில், வண்டியை ஒப்படைத்தவர் எரிவாயு உருளை காலியாக இருப்பதைச் சொல்லவில்லை. நாங்களும் திறந்து பார்க்கவில்லை. அன்றிரவு சாலையோர ஓய்விடத்தில் ரொட்டியும் காயாவும் தின்றுவிட்டுப் படுத்தோம். ஆகவே வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போதே அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள், தண்ணீர்த் தொட்டியையும் கழிப்பறைப் பெட்டியையும் திறந்து பாருங்கள். கழிவைக் கொட்டுவதற்கென ஊர்தோறும் தனி இடங்கள் உண்டு. புதரில் கொட்டுவது குற்றம், இந்தப் பயணத்தைப் பொறுத்தவரை அவமரியாதையும்கூட.

ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்கள் சொல்கின்றன. மாலை மங்கும்போதும் விடியும்போதும் கங்காருக்கள் சாலையைக் கடக்கும். 50 மீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள சாலைத் தொடர்வண்டிகள் எதிரே வரும். மாலை நான்கு மணிக்கே அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுவது நல்லது.

தேக்கா சந்தையிலிருந்து கறிவேப்பிலை கொண்டுபோகலாமா?

கூடாது. பச்சை இலை, பழம், காய்கறி, விதை, இறைச்சி எதுவும் வேண்டாம். மசாலாத் தூள் உட்பட உணவுப் பொருள் எது கொண்டுபோனாலும் வருகை அட்டையில் தெரிவித்துவிடுங்கள். பெர்த்தில் இந்திய மளிகைக் கடைகள் நிறைய இருக்கின்றன.

இரவில் எங்கே வண்டியை நிறுத்தித் தூங்குவது?

கட்டணம் வாங்கும் கேரவன் பூங்காக்கள், தேசியப் பூங்காக்களில் குறிக்கப்பட்ட முகாமிடங்கள், 24 மணி நேரம் வரை இலவசமாகத் தங்கக்கூடிய சாலையோர ஓய்விடங்கள் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நினைவிடத்தின் வாகன நிறுத்தத்திலோ, ஆற்றங்கரைப் பூங்காவிலோ திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. உள்ளூராட்சி அபராதம் விதிக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணத்தை அடுத்த பதிலில் காணலாம்.

ரொட்னெஸ்ட் தீவுக்கு வண்டியோடு போகலாமா?

முடியாது. தீவில் சுற்றுப்பயணிகளின் வாகனங்களுக்கு இடமில்லை. ஃபிரிமேண்டலில் வண்டியை நிறுத்திவிட்டுப் படகில் ஏறினால் அரை மணி நேரத்தில் தீவை அடையலாம். அங்கே மிதிவண்டியோ தீவுப் பேருந்தோதான். சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் குவாக்கா என்னும் சிறு விலங்குடன் படம் எடுக்கவே அங்கே போகிறார்கள். நாங்களும் முதல் பயணத்தில் அதற்காகத்தான் போனோம், சிரித்த முகத்தோடு படமும் எடுத்துக்கொண்டோம்.

அத்தீவை நூங்கார் மக்கள் வாட்ஜமப் என்று அழைக்கிறார்கள். நீருக்கு அப்பால் ஆவிகள் உறையும் இடம் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 1838 முதல் அது பூர்வகுடி ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான சிறைத்தீவாக்கப்பட்டது. சிறை 1904-ல் முறைப்படி மூடப்பட்ட பிறகும், கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்குவது 1931 வரை நீடித்தது. அந்தக் காலம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 3,700 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். அவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். பாலைநிலத்திலிருந்து வந்த பலர் அதற்குமுன் கடலையே பார்த்திராதவர்கள். தீவில் இன்று அழகென்று நாம் படமெடுக்கும் பழைய கட்டடங்களில் பெரும்பகுதியை எழுப்பியவர்கள் அந்தக் கைதிகளே. அவர்களில் குறைந்தது 373 பேர் அங்கேயே இறந்து, பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லாமல் புதைக்கப்பட்டார்கள்.

நம்மைப் போன்ற கேம்பர்வேன் பயணிகள் நின்று கேட்க வேண்டியது இனிமேல் வருவது. 1864-ல் கட்டிமுடிக்கப்பட்ட 'குவாட்' என்னும் சிறைக்கட்டடம் பிற்காலத்தில் விடுதியாக மாற்றப்பட்டது. ஒரு சிறு கொட்டடிக்குள் பல கைதிகள் நெருக்கிப் படுத்திருந்த இடத்தில், இரண்டு மூன்று கொட்டடிகளின் சுவரை இடித்துச் சேர்த்து, விடுமுறை அறை போட்டு, 2018 வரை வாடகைக்கு விட்டார்கள். அதன் அருகிலேயே 'டென்ட்லாண்ட்' என்ற முகாம் திடல் இருந்தது. கூடாரம் அடித்து, முளை அறைந்து, இறைச்சி சுட்டுத் தின்று, குடும்பம் குடும்பமாக மக்கள் உறங்கிய அந்தத் திடலின் ஒரு பகுதிக்கு அடியில்தான் கைதிகளின் புதைகுழிகள் இருந்தன. பூர்வகுடிப் பெரியவர்கள் பல்லாண்டுகள் சொல்லிவந்த பிறகு, 2007-ல்தான் முகாமிடுவது முற்றிலும் நிறுத்தப்பட்டது.

அங்கே தங்கிய குடும்பங்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் பணம் கட்டிப் பதிவு செய்து, கொடுத்த இடத்தில் கூடாரம் போட்டவர்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இதைப் படித்த நாள் முதல், இரவு வண்டியை நிறுத்துமுன் இந்த இடத்துக்கு முன்பு என்ன பெயர், இங்கே யார் இருந்தார்கள் என்று பார்த்துவிட்டு நிறுத்துவதை எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாக்கிக்கொண்டோம். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். சில நேரம் வண்டியை மறுபடி கிளப்ப வேண்டிவரும். பசியோடு இருக்கும் பிள்ளைகள் அதற்காக உங்களைப் பாராட்டமாட்டார்கள்.

குவாட் வளாகமும் புதைநிலமும் உள்ள பகுதியை மரியாதையோடு வெளியிலிருந்து காணலாம். தீவின் அருங்காட்சியகமும் பூர்வகுடி வழிகாட்டிகள் நடத்தும் நடைப்பயணங்களும் மற்றதைச் சொல்லும். ஒரு முழுநாள் ஒதுக்குங்கள்.

ஃபிரிமேண்டலில் எதைப் பார்க்க வேண்டும்?

எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கும் ஆய்வுப்பயணிகள் நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். என் கணிப்பில் இந்தப் பயணம் முழுவதிலும் அதிகம் கற்பிக்கும் கல் அதுதான், பார்ப்பதற்கு எளிய ஒன்றாக இருந்தாலும்.

1864-ல் வடமேற்குக் கரையில் பான்டர், ஹார்டிங், கோல்ட்வயர் என்ற மூவர் நிலம் தேடிச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார்கள். அவர்களைத் தேடி 1865-ல் மெய்ட்லண்ட் பிரவுன் என்பவரின் தலைமையில் ஒரு குழு போனது. உடல்களைக் கண்டெடுத்த அக்குழு, அங்கிருந்த பூர்வகுடியினர் பலரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் திரும்பியது. 1913-ல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தின் உச்சியில் பிரவுனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. கீழே உள்ள வாசகம், மூவரும் துரோகிகளான பூர்வகுடியினரால் இரவில் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டதாகச் சொல்கிறது. பதிலுக்குச் சுடப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

1994-ல் அதே பீடத்தில் இன்னொரு பலகை சேர்க்கப்பட்டது. எதிரே உள்ள சின்னத்தைத் தங்களுக்கு அவமதிப்பாகக் கருதியவர்கள் இதை வைத்திருக்கிறார்கள் என்றே அது தொடங்குகிறது. சின்னம் குடியேறிய வெள்ளையரின் கோணத்தை மட்டும் காட்டுகிறது, மண்ணுக்கு உரியவர்கள் தங்கள் நிலத்தைக் காத்துக்கொள்ள முயன்றதைச் சொல்லவில்லை, பழிவாங்கும் குழுவால் ஏறத்தாழ 20 பூர்வகுடியினர் இறந்தார்கள் என்று அடுக்கிச் சொல்கிறது. பழைய வாசகம் அழிக்கப்படவில்லை, சிலை இறக்கப்படவில்லை. பொய்யையும் அதற்கான மறுப்பையும் ஒரே கல்லில் நின்றவாறு படிக்கலாம்.

நம் எஸ்பிளனேட் பூங்காவை நினைக்காமல் அந்த எஸ்பிளனேட் பூங்காவில் என்னால் நிற்க முடியவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்நீத்த பெயர் தெரியா வீரனுக்கான நினைவுச்சின்னத்துக்கு 1945 ஜூலை 8 அன்று சுபாஷ் சந்திர போஸ் நம் பூங்காவில் அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு செப்டம்பரில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த எத்தனையோ தமிழ் ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த படை அது; அவர்களை விடுதலை வீரர்கள் என்பாரும் உண்டு, ஜப்பானியருடன் கைகோத்தவர்கள் என்பாரும் உண்டு, ஒரே குடும்பத்துக்குள்ளேயே. 1995-ல்தான் அந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை வைக்கப்பட்டது. ஒரு கல்லை இடித்துவிடுவது, அப்படியே விட்டுவிடுவது, அருகில் மறுப்பு எழுதிவைப்பது ஆகிய மூன்றில் மூன்றாவதே நல்லது என்று நான் நினைக்கிறேன். எங்கள் மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவமதிக்கப்பட்டவர் கீழே நின்றும் அவமதித்தவர் உச்சியில் நின்றும் பேசுவதைச் சமமான உரையாடல் என்று எப்படிச் சொல்கிறீர்கள் அப்பா என்று அவள் கேட்டாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அருகிலேயே உள்ள ஃபிரிமேண்டல் சிறை 1850-களில் கைதிகளைக் கொண்டே கட்டப்பட்டது. 1991 வரை இயங்கியது. பிரிட்டனிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை அனுப்பியது 1850 முதல் 1868 வரை. இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கைதிகளை அனுப்பத் தொடங்கியது 1825-ல். கைதிக் குடியிருப்பு 1873-ல் மூடப்பட்டது. நாம் நாள்தோறும் கடந்துபோகும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் அவர்கள் கைப்பட எழுந்தவை. ஃபிரிமேண்டலில் அந்தச் சிறையே இன்று யுனெஸ்கோவின் உலக மரபுத்தலம். பிராஸ் பாசாவில் இருந்த நம் கைதிச் சிறை நின்ற இடத்தைக் கைகாட்டச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்?

பின்ஜாரா எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடந்தது?

பெர்த்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர். கேம்பர்வேனில் நிதானமாக ஓட்டினால் ஒன்றேகால் மணி நேரம். மர்ரி ஆற்றின் கரையில் 1834 அக்டோபர் 28 அன்று விடிகாலையில், ஆளுநர் ஜேம்ஸ் ஸ்டிர்லிங் ஏறத்தாழ 25 ஆயுதமேந்திய ஆட்களுடன் பின்ஜரெப் நூங்கார் மக்களின் முகாமைத் தாக்கினார். ஆற்றுக்குள் இறங்கித் தப்ப முயன்றவர்களை இரு கரையிலிருந்தும் சுட்டார்கள். ஸ்டிர்லிங்கின் தரப்பு இறந்தவர்கள் ஏறத்தாழ 15 பேர் என்று எழுதிவைத்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட அதைவிடப் பன்மடங்கு பேர் மாண்டதாகப் பின்ஜரெப் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். தாக்கியவர்களில் காவல்துறைத் தலைவர் எல்லிஸ் காயத்தால் பின்னர் இறந்தார். அதைப் பிடித்துக்கொண்டு 'பின்ஜாராப் போர்' என்று நெடுங்காலம் பாடநூல்களில் எழுதினார்கள்.

ஊர் அமைதியானது, ஆறு மிக அழகானது. அதுதான் சங்கடம். அந்தத் தாக்குதலில் உடன் சென்ற தாமஸ் பீலின் பெயரை அந்த வட்டாரம் இன்றும் தாங்கியிருக்கிறது. பெர்த்திலிருந்து ஃபிரிமேண்டலுக்கு உங்கள் வண்டி போகக்கூடிய நெடுஞ்சாலையின் பெயர் ஸ்டிர்லிங் நெடுஞ்சாலை. வழிகாட்டும் கருவி அப்பெயரை இனிமையான குரலில் பலமுறை உச்சரிக்கும். பின்ஜாராவுக்குப் போய்வந்த பிறகு அதே சாலையில் திரும்பியபோது, என் மனைவி கருவியின் ஒலியை அணைத்துவிட்டார்.

நினைவிடத்துக்குப் போகிறவர்கள் அங்கே உணவு விரித்து அமராமல், ஊருக்குள் திரும்பி வந்து உண்பது முறை.

யாகன் யார்?

யாகன், வெள்ளையர் குடியேற்றத்தை எதிர்த்து நின்ற நூங்கார் வீரர். தலைக்கு விலை வைக்கப்பட்ட அவரை 1833 ஜூலையில், அவரோடு பழகிய ஓர் இளைஞன் சுட்டுக் கொன்றான். உடலிலிருந்து தலை அறுக்கப்பட்டு, புகையில் பதப்படுத்தப்பட்டு, இங்கிலாந்துக்குக் காட்சிப்பொருளாகக் கொண்டுபோகப்பட்டது. லிவர்பூல் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் இருந்து, 1964-ல் அந்நகரிலேயே புதைக்கப்பட்ட தலையை, நூங்கார் பெரியவர்கள் நெடுநாள் போராடி 1997-ல் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அது வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள், பெர்த்தின் ஹெரிசன் தீவில் 1984-ல் நிறுவப்பட்டிருந்த யாகன் சிலையின் தலையை யாரோ வெட்டிக்கொண்டு போனார்கள். புதுத் தலை பொருத்தியதும் அதையும் வெட்டினார்கள். 164 ஆண்டுகள் கழித்தும் ஒருவரின் தலையை மறுபடி அறுக்கத் தோன்றுகிறதென்றால், அந்த வரலாறு முடிந்துவிட்டதாகச் சொல்வோரிடம் வேறென்ன பேசுவது?

2010-ல் யாகனின் தலை ஸ்வான் பள்ளத்தாக்கின் வடக்கே, அவர் உடல் கிடக்கும் என்று நம்பப்படும் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் சற்றுத் தொலைவு கூடுதலாக ஓட்டினால் போதும். நகர மையத்தின் யாகன் சதுக்கத்தையும் பாருங்கள், 2018-ல் திறக்கப்பட்டது.

நியூ நார்சியாவைப் பலர் பரிந்துரைக்கிறார்களே?

பெர்த்துக்கு வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டரில், ஸ்பானியத் துறவி சால்வாடோவும் அவர் தோழர் செர்ராவும் 1840-களில் தொடங்கிய பெனடிக்ட் மடத்து ஊர் அது. கட்டடங்களும் ரொட்டியும் பேர்பெற்றவை. பூர்வகுடிப் பிள்ளைகள் தங்கவைக்கப்பட்ட அங்குள்ள விடுதிகளில் நடந்தவை அண்மைக்காலம் வரை பேசப்படவில்லை. நிறுவனங்களில் சிறார்மீது நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் நியூ நார்சியாவைப் பற்றியும் சாட்சியம் கேட்டது. போகும் வழியில் மகம்பர் அருகே, 1918 முதல் 1951 வரை இயங்கிய மூர் ஆற்றுக் குடியிருப்பு இருந்த இடம் வருகிறது. 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலத்தால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் பலர் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது அந்தத் தலைமுறைகளிடம்தான். அந்நிலம் பொதுமக்கள் நுழைவுக்கு உரியதன்று. சாலையிலிருந்து கடந்து செல்லுங்கள்.

முருஜுகா பாறைச் செதுக்கோவியங்கள்?

2025-ல் உலக மரபுத்தலமாகச் சேர்க்கப்பட்ட அரிய இடம். ஆனால் பெர்த்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். ஒரு வாரப் பயணத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்தவர் நாட்டுப் பிணக்கில் நமக்கென்ன வேலை?

இதைக் கேட்டவர் என் பெரியம்மா. விடுமுறைக்குப் போய் அழுதுவிட்டு வருவானேன் என்பது அவர் கேள்வியின் மறுபாதி. தீர்ப்புச் சொல்ல நாம் போகவில்லை என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். பூர்வகுடியினரின் குரலை அரசியலமைப்பில் சேர்க்கும் 2023 அக்டோபர் 14 வாக்கெடுப்பு ஆறு மாநிலங்களிலும் தோற்றது. கேரவன் பூங்காவில் பக்கத்து வண்டிக்காரர் எப்படி வாக்களித்தார் என்று கிளறுவது விருந்தாளிக்கு அழகல்ல. ஆனால் ஒருவர் நிலத்தில் சமைத்து, குளித்து, உறங்கிவிட்டு வரும்போது, அந்த நிலத்தில் நடந்தது நமக்கு வேண்டாம் என்று சொல்வதும் அழகல்ல. சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களை உலகம் மறந்தது குறித்து நாம் வருந்துகிறோம். காஞ்சனபுரியில் நேசப்படையினரின் கல்லறைகள் பெயரோடு வரிசையாக இருக்க, நம்மவர்க்கு அப்படி இல்லையே என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை நமக்காக மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்றேன். பெரியம்மா மூன்றாம் பயணத்துக்கு எங்களுடன் வந்தார்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

புறப்படுமுன் சிங்கப்பூரில் தொடங்குங்கள். ஆற்றோரம் நிற்கும் ராஃபிள்ஸ் சிலையருகே 2019-ல் நாராயண பிள்ளை, முன்ஷி அப்துல்லா, டான் டொக் செங், சாங் நீல உத்தமா ஆகியோரின் உருவங்கள் சில காலம் வைக்கப்பட்டிருந்ததைச் சொல்லி, இப்போது யார் நிற்கிறார், யார் இல்லை என்று கேளுங்கள். நடுகல் என்றால் என்ன, அதில் பெயரும் செயலும் ஏன் பொறித்தார்கள் என்று தெரிந்த பிள்ளைக்கு மற்றவை தாமே புரியும். பத்து வயதுக்குக் குறைந்தவர்களிடம் கொலைகளின் விவரங்களை விரிக்க வேண்டியதில்லை.

படம் எடுக்கலாமா?

நினைவிடப் பலகைகளைத் தாராளமாக எடுக்கலாம். புதைநிலத்தில் நின்று தன்படம் வேண்டாம். இறந்தவர்களின் பெயரும் உருவமும் இடம்பெறும் காட்சிகளுக்கு முன் பூர்வகுடியினருக்கான எச்சரிக்கை வைத்திருப்பார்கள். அத்தகைய படங்களை மறுபடி படமெடுத்துக் குடும்பக் குழுவில் பகிராதீர்கள்.

பூ வைத்து, விளக்கேற்றிக் கும்பிடலாமா?

மனம் அப்படித்தான் போகும், எனக்கும் போனது. விளக்கேற்றாதீர்கள், தீத்தடை நாளில் அது கடுமையான குற்றம். வெளியிலிருந்து வாங்கிய பூவையும் விதையையும் காட்டுநிலத்தில் விட்டுவராதீர்கள். நூங்கார் மக்களிடமே ஒரு வழக்கம் உண்டு. நீர்நிலையை அடைந்ததும் ஒரு பிடி மணலை எடுத்து, கைச்சூட்டில் சற்று வைத்திருந்து, தான் இன்னார், இங்கே வந்திருக்கிறேன் என்று அந்த இடத்துக்குச் சொல்லிவிட்டு, மணலை நீரில் இடுவார்கள். வாட்ஜமப்புக்கு வருகிறவர்களும் இவ்வாறு செய்யலாம் என்று அவர்களே அழைக்கிறார்கள். படகிலிருந்து இறங்கிக் கரைக்குப் போனதும் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து மணல் எடுத்தார். தன் பெயரையும், தன் தகப்பனார் பெயரையும், ஊர் சிங்கப்பூர் என்பதையும் தமிழில்தான் சொன்னார்.